ஒன்பது பேர், ஒரு கையெழுத்து: வூ-டேங் கிளானின் முதல் ஆல்பம்

1993 நவம்பர் 9. அமெரிக்கக் கடைகளுக்கு அன்று இரண்டு முக்கியமான ஹிப் ஹாப் ஆல்பங்கள் வந்தன. ஒன்று, அதற்குள் நல்ல பெயர் எடுத்திருந்த 'எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட்' குழுவின் மூன்றாவது ஆல்பம். ஜாஸ் வாசனையோடு, துடைத்து வைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருக்கும். இன்னொன்று, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவைத் தங்கள் ஊராகச் சொல்லிக்கொண்ட ஒன்பது பேரின் முதல் ஆல்பம். பெயர் 'எண்டர் தி வூ-டேங்: 36 சேம்பர்ஸ்'. அட்டையில் ஆறு உருவங்கள்தான் நிற்கின்றன, எல்லாம் முகத்தை மூடிக்கொண்டு. படம் எடுத்த நாளில் குழு முழுதாக வந்து சேரவில்லை. ஒலியும் அந்த அட்டை மாதிரிதான்: இருட்டு, கரகரப்பு, யார் பேசுகிறார்கள் என்று முதல் தடவையில் பிடிபடாது.

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். இசைப் பிரியர்கள் அதன் கரடுமுரடான ஒலியைப் பற்றிப் பேசுவார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள் அதன் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவார்கள். பல வருடமாகக் கேட்ட பிறகு எனக்குத் தோன்றுவது, இந்த இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கம் என்பதுதான். ஒப்பந்தத்தில் என்ன கேட்டார்களோ அதைத்தான் பாட்டிலும் கட்டினார்கள். அதை ஆதாரத்தோடு காட்டுவதற்குத்தான் இந்த ஆய்வு.

தீவு

நியூயார்க் நகரம் ஐந்து பெரும் பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஹிப் ஹாப் பிறந்தது பிராங்ஸில். குயீன்ஸுக்கும் புரூக்ளினுக்கும் தங்கள் பேர் சொல்லும் ராப்பர்கள் எண்பதுகளிலேயே வந்துவிட்டார்கள். ஸ்டேட்டன் தீவுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. மன்ஹாட்டனிலிருந்து படகில் ஏறினால் இருபத்தைந்து நிமிடம். நகரத்தின் குப்பையெல்லாம் வந்து குவியும் ஃப்ரெஷ் கில்ஸ் கிடங்கு அந்தத் தீவில்தான் இருந்தது. மறந்துபோன பகுதி என்பது அதன் செல்லப்பெயராகவே ஆகிவிட்டிருந்தது.

ஒரு தகவல் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். ஆல்பம் வெளிவருவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 1993 நவம்பர் 2 அன்று, ஸ்டேட்டன் தீவு மக்கள் நியூயார்க் நகரத்தை விட்டே பிரிந்து போக வேண்டும் என்று வாக்களித்தார்கள். ஏறத்தாழ 65 சதவீதம் பேர் பிரிவினைக்கு ஆதரவு. மாநிலச் சட்டமன்றத்தில் அது முடங்கிப்போனது, அது வேறு கதை. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், சொந்த வீட்டுக்காரர்கள். பார்க் ஹில், ஸ்டேப்பிள்டன் குடியிருப்புகளில் வளர்ந்த கறுப்பின இளைஞர்களுக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தையே குறைவு. ஆனால் 'நம்மை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, நம் வழியை நாமே பார்ப்போம்' என்ற எண்ணம் அந்த வாரம் தீவின் இரண்டு பக்கத்திலும் இருந்திருக்கிறது.

இளைஞர்கள் செய்தது தீவுக்கே பெயர் மாற்றியது. குங்ஃபூவுக்குப் பேர்போன சீனக் கோயிலின் பெயரை எடுத்து, ஷாவ்லின் என்று வைத்தார்கள். மன்ஹாட்டனின் 42ஆம் தெருவில் அப்போது ஹாங்காங் குங்ஃபூ படங்களை நாள் முழுக்க ஓட்டும் திரையரங்குகள் இருந்தன. அங்கே போய் உட்கார்ந்து, மோசமாக ஆங்கிலத்தில் டப்பிங் செய்த படங்களை மனப்பாடம் ஆகும்வரை பார்த்தவர்கள் இவர்கள். ஷாவ் பிரதர்ஸ் என்ற ஹாங்காங் நிறுவனம் 1978இல் எடுத்த ஒரு படத்தில் சீடன் ஒருவன் ஷாவ்லின் கோயிலின் 35 பயிற்சி அறைகளையும் கடந்து, வெளியுலகுக்குச் சொல்லித்தர 36ஆவது அறையைத் தொடங்குவான். ஆல்பத்தின் பெயரில் உள்ள எண் அங்கிருந்து வந்தது. ஒன்பது பேர், ஒவ்வொருவர் இதயத்திலும் நான்கு அறை, மொத்தம் 36 என்று, குழுவை நடத்தியவரும் பாட்டுகளுக்கு இசை கட்டியவருமான ரிஸா இன்னொரு கணக்கும் சொன்னார். கேட்டால் விளையாட்டுப் போல இருக்கும். ஆனால் ஒன்பது இதயம் சேர்ந்து ஒரு கட்டடம் என்ற அந்தக் கணக்குதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

சூடுபட்ட இருவர்

இந்தக் குழுவின் முதல் ஆல்பம் இது என்றாலும், இதில் எல்லோரும் புதுமுகங்கள் கிடையாது. ரிஸா, ஜிஸா, ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் மூவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். சின்ன வயதிலிருந்தே சேர்ந்து ராப் செய்தவர்கள். 1991இல் ஜிஸா 'தி ஜீனியஸ்' என்ற பெயரில் கோல்டு சில்லின் நிறுவனத்தில் ஓர் ஆல்பம் போட்டார். அதே வருடம் ரிஸா 'பிரின்ஸ் ரக்கீம்' என்ற பெயரில் டாமி பாய் நிறுவனத்துக்கு ஒரு சிங்கிள், அதாவது தனியாக வெளியிடும் பாட்டு, கொடுத்தார். பெண்கள் தன்னைச் சுற்றி வருகிறார்கள் என்று சிரித்துப் பாடும் லேசான பாட்டு அது. இரண்டுமே எடுபடவில்லை. இருவருக்கும் அந்தந்த நிறுவனத்தோடு இருந்த உறவு அதோடு முடிந்தது.

அந்தச் சிங்கிளையும் இரண்டே வருடம் கழித்து வந்த இந்த ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே ஆள் என்று நம்புவது கஷ்டம். சந்தைக்கு எது பிடிக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டுச் செய்த பாட்டு ஒன்று. யார் சொல்வதையும் கேட்பதில்லை என்று முடிவுகட்டிச் செய்த வேலை மற்றொன்று. நடுவில் ரிஸா ஒஹையோ மாநிலத்தில் ஒரு கடும் குற்ற வழக்கில் மாட்டி, தற்காப்புக்காகச் செய்தது என்று நிரூபித்து விடுதலையானார். அதன் பிறகு அவர் எதிலும் அரைமனதாக இறங்கவில்லை.

அவர் மற்றவர்களிடம் வைத்த கோரிக்கை பிற்பாடு அவரே பலமுறை சொன்னதுதான். ஐந்து வருடம் என் கையில் விட்டுவிடுங்கள். யாரும் குறுக்கே கேள்வி கேட்கக்கூடாது. உச்சிக்குக் கொண்டுபோகிறேன். ஒருவரையொருவர் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள் என்றாலும், இது சாதாரணமான கேட்பு அல்ல. குழுவில் சிலர் வெவ்வேறு குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள்; பார்க் ஹில்லுக்கும் ஸ்டேப்பிள்டனுக்கும் நடுவே இருந்த உரசல் சின்னதில்லை. அவர்கள் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்ததே ஒரு சாதனை என்று நினைக்கிறேன்.

நூறு டாலர் பாட்டு

முதல் பாட்டு 'புரொடெக்ட் யா நெக்'. ஸ்டூடியோ வாடகைக்கு ஆளுக்கு நூறு டாலர் போட்டார்கள். பதிவு செய்த இடம் புரூக்ளினில் இருந்த ஃபயர்ஹவுஸ் என்ற சின்ன ஸ்டூடியோ. 1992 டிசம்பரில் தங்கள் சொந்தப் பெயரில் தட்டு அடித்து, கைகளால் சுமந்து விற்றார்கள். வானொலிகளில் போய்க் கொடுத்தார்கள்.

இந்தப் பாட்டைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாமே இதற்குள் இருக்கிறது. பல்லவி கிடையாது. திரும்பத் திரும்ப வந்து காதில் ஒட்டிக்கொள்ளும் வரி எதுவும் கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு எட்டுக் குரல்கள் வரிசையாக வந்து போகின்றன. முதலில் இன்ஸ்பெக்டா டெக், அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் ஆணி அடிப்பது போல நட்டு வைக்கிறார். அடுத்து ரேக்வான், மெதட் மேன். யூ-காட் வந்து நான்கே வரி சொல்லிவிட்டுப் போகிறார். அந்தக் காலத்தில் பாதி நாள் அவர் சிறையில் இருந்தார். ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் பாதி பாடுகிறார், பாதி கத்துகிறார். கோஸ்ட்ஃபேஸ் கில்லா, ரிஸா, கடைசியில் ஜிஸா.

அந்தக் கடைசி இடம் சும்மா கொடுத்ததல்ல. கூட்டத்தில் மூத்தவர், ஏற்கெனவே ஆல்பம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர் ஜிஸா. அவர் தன் முறை வந்ததும் இசைத்தட்டு நிறுவனங்களைத்தான் பிடிபிடியென்று பிடிக்கிறார். ராப் என்றால் என்னவென்றே தெரியாத அதிகாரி, செலவு செய்யத் தயங்கும் நிறுவனம் என்று போகும் அந்த வரிகள். எதுகையும் இயைபும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஓடும் அந்த வேகத்தில் கோபம் கொஞ்சமும் சிதறவில்லை. ஒப்பந்தம் தேடிச் சுற்றும் ஒரு குழு, நிறுவனங்களுக்குக் கேட்கட்டும் என்று அனுப்பும் முதல் பாட்டை, நிறுவனங்களைத் திட்டும் வரிகளோடு முடிக்கிறது. இதைவிடத் தெளிவான விண்ணப்பக் கடிதம் இருக்க முடியாது.

அப்புறம், வடிவத்தைக் கவனியுங்கள். எட்டுப் பேர், எட்டு விதம். ஒருவர் குரலை இன்னொருவருடையது என்று மாற்றிச் சொல்லவே முடியாது. கேட்கிறவர் பாட்டு முடிவதற்குள் தனக்கென்று ஒருவரைப் பொறுக்கிக்கொள்கிறார். குழுவைப் பிடித்துப்போவதற்கு முன்பே, ஆளைப் பிடித்துப்போகிறது. ஒரு சிங்கிளுக்குள் எட்டு விளம்பரம் இருந்தது.

கையெழுத்து

பாட்டு நியூயார்க்கில் பரவியதும் நிறுவனங்கள் தேடி வந்தன. அந்தக் காலத்து வழக்கம் இது: ஒரு குழுவை எடுத்தால், அதில் உள்ள ஒவ்வொருவரும் தனியாகப் பாடினாலும் அதுவும் அந்த நிறுவனத்துக்கே. குழுவாக ஒரு கையெழுத்துப் போட்டால் ஒன்பது பேரும் பிணை. ரிஸா இதைத்தான் ஏற்கவில்லை. குழுவாக உங்களிடம் இருக்கிறோம். தனியாகப் போகும்போது யாரிடம் வேண்டுமானாலும் போவோம், உங்கள் போட்டி நிறுவனம் என்றாலும் சரி என்றார். பெரிய தொகை பேசியவர்கள் இதற்கு இசையவில்லை. ஸ்டீவ் ரிஃப்கைண்ட் நடத்திய லவுட் என்ற சின்ன நிறுவனம், ஆர்சிஏ என்ற பெரிய நிறுவனத்தின் விநியோகத்தில் இருந்தது, அது ஒத்துக்கொண்டது. முன்பணம் மற்றவர்கள் பேசியதைவிடக் குறைவு. அதைத் தெரிந்தேதான் வாங்கினார்கள். 1993 மே மாதம் 'புரொடெக்ட் யா நெக்' லவுட் வழியாக மறுபடியும் வந்தது.

கையில் காசில்லாத இளைஞர்கள், குழந்தை குட்டியோடு இருப்பவர்கள், குறைந்த தொகைக்கு ஒத்துக்கொள்வது என்பது எழுதுவதற்கு எளிது. அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் எத்தனை பேருக்கு அந்தத் தெம்பு இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். இவர்களை நான் இன்றைக்கும் மதிப்பதற்கு முதல் காரணம் இந்தக் கையெழுத்துதான்.

உள்ளுக்குள் இன்னோர் ஏற்பாடும் இருந்தது. தனி ஒப்பந்தம் போட்டு ஒருவர் சம்பாதிப்பதில் 20 சதவீதம் வூ-டேங் புரொடக்‌ஷன்ஸ் என்ற பொதுக் கணக்குக்கு வரும். அது எல்லோருக்கும் பொது. ஒருவர் மேலே போனால் மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போவார். ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆளுக்குச் செலவழிக்கும் விளம்பரப் பணம், பெயரில் உள்ள வூ-டேங் என்ற சொல்லால், மற்ற எல்லோருக்கும் விளம்பரம் ஆகும். ஒரே நிறுவனத்தில் ஒன்பது பேரும் வரிசையில் நிற்பதற்குப் பதிலாக, ஐந்து நிறுவனங்களின் வாசலில் ஒரே நேரத்தில் ஆள் நிறுத்தலாம்.

பத்து விநாடி

இப்போது ஒலிக்கு வருவோம். பட்ஜெட் சின்னது, ஸ்டூடியோ சின்னது. ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். ரிஸா அந்தக் காலத்தில் புழங்கிய கருவிகளில் ஒன்று ஈ-மு எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர். பழைய தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, தட்டினால் ஒலிக்கிற மாதிரி வைத்துத் தரும் கருவி. அதன் நினைவகம் மொத்தமே பத்து விநாடிதான். ஒரு துண்டுக்கு அதிகபட்சம் இரண்டரை விநாடி. 12 பிட் ஒலி, அதாவது தரம் கொஞ்சம் குறைந்தது. இடம் மிச்சம் பிடிக்க, அந்தக் கருவியில் வேலை செய்தவர்கள் தட்டை வேகமாக ஓட்டிப் பதிவு செய்து, உள்ளே போனபின் வேகத்தைக் குறைப்பார்கள். அப்படிச் செய்யும்போது ஒலியில் மணலைத் தூவினது போல ஒரு கரகரப்பு ஏறிக்கொள்ளும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, அனுமதி வாங்காமல் சாம்பிள் எடுத்ததற்காக பிஸ் மார்க்கி என்ற ராப்பரின் ஆல்பத்துக்குத் தடை போட்டது. 'திருடாதே' என்ற பைபிள் கட்டளையோடு தொடங்குகிறது அந்தத் தீர்ப்பு. அதுவரை ஒரு பாட்டுக்குள் பத்துப் பதினைந்து துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். ரிஸாவின் பாட்டுகளில் அடுக்கே இல்லை. ஒரு பியானோத் துண்டு, ஒரு டிரம், அவ்வளவுதான். நடுவில் வெட்டவெளி. அந்த வெட்டவெளியில் குரல்கள் நிற்கின்றன.

'டியர்ஸ்' பாட்டில் வரும் பெண் குரல் வெண்டி ரெனே 1964இல் ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்குப் பாடியது. சிரிப்புக்குப் பின் கண்ணீர் வரும் என்ற அந்தப் பழைய வரியை அப்படியே எடுத்து, துப்பாக்கிச் சாவு ஒன்றைச் சொல்லும் கதைக்கு அடியில் வைத்தார். 'க்ரீம்' பாட்டின் பியானோ, சார்மெல்ஸ் என்ற பெண்கள் குழுவின் 1967ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து. ஐசக் ஹேய்ஸும் டேவிட் போர்ட்டரும் எழுதிய காதல் பாட்டு அது. அதன் முதல் சில விநாடி மட்டும் எடுத்து, சுழலவிட்டபோது காதல் போய்விட்டது. பனிக்காலத்தில் கதவிடுக்கு வழியே வரும் குளிர் மாதிரி ஒன்று மிச்சம் நின்றது.

அந்தப் பாட்டில் இரண்டே பேர் கதை சொல்கிறார்கள். ரேக்வான் போதைப்பொருள் விற்ற நாட்களைச் சொல்கிறார். பிறகு இன்ஸ்பெக்டா டெக் வருகிறார். பதினைந்து வயதில் சிறைக்குப் போனதைச் சொல்லி, இருபத்திரண்டு வயதில் வாழ்க்கை அலுத்துப்போனதைச் சொல்லி, கடைசியில் தன்னைவிடச் சின்னப் பையன் ஒருவனுக்கு நல்லது சொல்லப் பார்க்கிறார். பையன் குடித்துக்கொண்டு, புகைத்துக்கொண்டு, காதிலேயே வாங்கவில்லை. அங்கே முடிகிறது. நான் எத்தனையோ முறை கேட்டாயிற்று. அந்தக் கடைசி வரிகள் வரும்போது இன்னும் கை வேலையை நிறுத்திவிடும். அறிவுரை சொல்லும் பாட்டுகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. அறிவுரை தோற்றுப்போவதைச் சொல்லும் பாட்டு மிகக் குறைவு.

பணம்தான் எல்லாவற்றையும் ஆளுகிறது என்று மெதட் மேன் நடுநடுவே பல்லவி பாடுகிறார். பணத்தின் பிடி எப்படிப்பட்டது என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்தவர்கள்தான் கையெழுத்துப் போடும் நேரத்தில் பணத்தைக் குறைத்துச் சுதந்திரத்தை வாங்கினார்கள். இரண்டுக்கும் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பணம் ஆளும் என்று தெரிந்தவனுக்குத்தான் எந்தக் காசைத் தொடக்கூடாது என்றும் தெரியும்.

ஆல்பத்துக்குள் ஒப்பந்தம்

யார் எந்தப் பாட்டில் வருவது என்பதைப் போட்டி வைத்தே முடிவு செய்தார்கள். பீட்டை, அதாவது ராப்புக்கு அடியில் ஓடும் இசையை, ஓடவிட்டு, யாருடைய வரி நிற்கிறதோ அவருக்கு இடம். ஒரு பீட்டுக்காக மெதட் மேனும் ரேக்வானும் மோதிய பதிவு இந்த ஆல்பத்தில் சேரவில்லை. அடுத்த வருடம் மெதட் மேனின் தனி ஆல்பத்தில் வந்தது. 'டா மிஸ்டரி ஆஃப் செஸ்பாக்ஸிங்' பாட்டின் கடைசி இடத்துக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். அதில் ஒருவரான கில்லா பிரீஸ்ட் இரவில் தூங்கிப்போய்விட்டார். மாஸ்டா கில்லா தூங்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். காலையில் இடம் அவருக்கு. ஆல்பம் முழுவதிலும் அவருக்குக் கிடைத்தது அந்த ஒரே ஒரு இடம்தான். அந்த ஓர் இரவில்தான் ஒன்பதாவது ஆள் உறுதியானார்.

இப்போது பாட்டு வரிசையை ஒப்பந்தத்தின் கண்ணோடு பாருங்கள். 'கிளான் இன் டா ஃப்ரண்ட்' முழுக்க ஜிஸா ஒருவர்தான். 'மெதட் மேன்' என்று ஆளின் பெயரையே தலைப்பாக வைத்த பாட்டு, முழுக்க மெதட் மேன். 'கேன் இட் பி ஆல் சோ சிம்பிள்' பாட்டில் ரேக்வானும் கோஸ்ட்ஃபேஸும் ஜோடி. இவை எல்லாம் பின்னால் வரப்போகும் தனி ஆல்பங்களின் முன்னோட்டம் போலவே இருக்கின்றன. 1994 நவம்பரில் மெதட் மேன் டெஃப் ஜாம் நிறுவனத்தில் ஆல்பம் போட்டார். 1995 மார்ச்சில் ஓல் டர்ட்டி பாஸ்டர்ட், எலெக்ட்ராவில். அதே வருடம் ஆகஸ்டில் ரேக்வான், கோஸ்ட்ஃபேஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லவுடிலேயே. நவம்பரில் ஜிஸா, கெஃபனில். 1996இல் கோஸ்ட்ஃபேஸ், எபிக்கில். வாசல்கள் ஐந்து, உள்ளே பீட் செய்தவர் பெரும்பாலும் ஒரே ரிஸா.

சந்தேகம் இருந்தால் 'கேன் இட் பி ஆல் சோ சிம்பிள்' முடிந்தபின் வரும் பேச்சைக் கேளுங்கள். பேட்டி எடுக்கும் ஒருவரிடம் குழுவில் யார் யார், எப்படிப்பட்டவர் என்று ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறார்கள். பல இயந்திரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரிய ராட்சத ரோபோவாக நிற்கும் வோல்ட்ரான் கார்ட்டூனை உதாரணம் காட்டி, ஜிஸாதான் தலை என்கிறார்கள். கடைசியில் உங்கள் நோக்கம் என்ன என்று கேட்டால், இதை ஒரு தொழிலாகக் கட்டப் போகிறோம், வந்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை என்ற பொருளில் பதில் சொல்கிறார்கள். முதல் ஆல்பத்தின் நட்டநடுவில், வாங்கியவர் காதுக்கே, வியாபாரத் திட்டத்தை வாசித்துக் காட்டிவிட்டார்கள்! அதுவும் அந்த ஏக்கமான பாட்டுக்கு அடுத்து, சிரிப்பும் கலாட்டாவுமாக.

கணக்கும் விலையும்

ஆல்பம் வந்தவுடன் உலகம் தலைகீழாகிவிடவில்லை. முதல் வாரத்தில் சுமார் 30,000 பிரதிகள் விற்றது. அமெரிக்க ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் அது எட்டிய உயரம் 41ஆம் இடம். இரண்டு வாரம் கழித்து மேற்குக் கரையிலிருந்து ஸ்னூப் டாகின் முதல் ஆல்பம் வந்து நேரே முதலிடத்தில் உட்கார்ந்தது. வூ-டேங் மெதுவாக ஏறியது. லவுட் நிறுவனம் தெருத்தெருவாக ஆள் அனுப்பி ஸ்டிக்கரும் கேசட்டும் கொடுத்தது. ஒவ்வொரு தனி ஆல்பம் வரும்போதும் ஆட்கள் திரும்ப வந்து முதல் ஆல்பத்தை வாங்கினார்கள். 1995 மே மாதம் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று. 2018இல் முப்பது லட்சத்துக்கான சான்று. 2022இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. குழுவின் இரண்டாவது ஆல்பம் 1997 ஜூனில் வந்தபோது முதல் வாரமே முதலிடம். ஐந்து வருடம் என்று கேட்டவர் சொன்ன கெடுவுக்குள் சொன்னதைச் செய்திருந்தார்.

விலையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு பாதிதான். ஒரே ஆள் எல்லாவற்றையும் ஓட்டினால், அந்த ஆளுக்கு நேர்வது எல்லோருக்கும் நேரும். ரிஸாவின் நிலவறை ஸ்டூடியோவில் வெள்ளம் புகுந்து நூற்றுக்கணக்கான பீட்கள் போயின. அதிகம் அடிபட்டவர் இன்ஸ்பெக்டா டெக். முதல் சிங்கிளின் முதல் குரல் அவருடையது, 'க்ரீம்' பாட்டின் உயிர் அவருடைய வரிகள். அவருடைய தனி ஆல்பம் 1999 அக்டோபரில்தான் வந்தது. அதற்குள் அலை ஓய்ந்திருந்தது. அதே மாதம்தான் யூ-காட்டின் ஆல்பமும். ஐந்து வாசல் திறந்த திட்டத்தில் வரிசை என்று ஒன்று இருந்தே தீரும். முன்னால் நின்றவர்களுக்கு வெளிச்சம், பின்னால் நின்றவர்களுக்குக் காத்திருப்பு. டெக் அந்த வரிசையில் அத்தனை பின்னால் நின்றிருக்க வேண்டியவர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த ஒப்பந்தத்தைப் பார்த்து வளர்ந்த அடுத்த தலைமுறை வேறு இடத்தில் கை வைத்தது. 1997இல் கம்பெனி ஃப்ளோ என்ற நியூயார்க் குழு ராக்கஸ் நிறுவனத்தில் தங்கள் முதல் ஆல்பத்தைப் போட்டபோது, மூலப்பதிவின் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். வூ-டேங் கேட்டது ஆளின் சுதந்திரம். இவர்கள் கேட்டது ஒலியின் சொந்தம். இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஆனால் முதலில் ஒரு குழு எழுந்து நின்று வழக்கமான தாளில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லியிருக்காவிட்டால், இரண்டாவது குழுவுக்கு அந்தத் தைரியம் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மாஸ்டா கில்லாவின் தனி ஆல்பம் 2004 ஜூனில் வந்தது. தூங்காமல் எழுதிய அந்த இரவுக்கும் இதற்கும் நடுவே பத்து வருடத்துக்கு மேல் ஓடியிருந்தது. வரிசையில் கடைசி ஆள். அந்த ஆல்பத்தில் ஓல் டர்ட்டி பாஸ்டர்டின் குரலும் இருக்கிறது. அதே பாதிப் பாட்டு, பாதிக் கத்தல். அந்த வருடம் நவம்பர் 13 அன்று மன்ஹாட்டனில் ரிஸாவின் ஸ்டூடியோவில் அவர் விழுந்து இறந்தார். அவருடைய 36ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருந்தது.